புதுசுக்கு டியூ, பழசுக்குப் பேப்பர்

ஷோரூமுக்குள் நுழைகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "டியூ எவ்வளவு வரும்?" விலை, மைலேஜ், சர்வீஸ் எல்லாம் அதற்கப்புறம். விற்கிறவருக்கும் இது தெரியும். அதனால்தான் கடை வாசல் பேனரில் முன்பணம் கொட்டை எழுத்திலும் மாதத் தவணை அதைவிடக் கொட்டையாகவும் இருக்கும். ஆன்ரோடு விலை தெரிய வேண்டுமானால் உள்ளே போய் மேசைக்கு எதிரே உட்கார வேண்டும். முதல் வேலைக்குப் போகும் இருபத்திரண்டு வயதுப் பையனுக்குச் சம்பளத்தில் மாதம் எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் கவலை. மொத்தமாக எவ்வளவு போகும் என்று கேட்கிற பழக்கம் அவன் அப்பாவுக்கு இருந்தது. அவர் கேட்ட காலத்தில் கடன் கொடுக்க ஆளும் இல்லை என்பது வேறு விஷயம்.

2025 செப்டம்பர் 22 அன்று, நவராத்திரி தொடங்கிய நாளிலேயே, 350 சிசி வரையிலான இரு சக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. ஷோரூம் விலை 80,000 ரூபாயாக இருந்த வண்டி, வரிக் குறைப்பு முழுசாக வந்து சேர்ந்தால், 73,750 ரூபாய். ஆயுத பூஜைக்குப் புது வண்டி எடுத்துச் சந்தனம் வைக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. புதுசின் விலை இறங்கினால் பழசின் விலையும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் பழைய வண்டியை விற்கிறவரின் மனசு, தான் வாங்கிய விலையிலேயே நிற்கும். "நான் எடுக்கும்போதே தொண்ணூத்தஞ்சு சார்" என்பார். அவர் எடுத்தது 28 சதவீத வரிக் காலத்தில். பேரம் பேசப் போகிறவர் இதை மடியில் முடிந்துகொண்டு போவது நல்லது.

புதுசா பழசா என்று வீட்டில் நடக்கிற விவாதம் பெரும்பாலும் எஞ்சினையே சுற்றிச் சுற்றி வரும். "பழசு வாங்கினா மெக்கானிக் ஷெட்லயே குடியிருக்கணும்" என்பார் மாமா. "புதுசு வாங்கினா கேட்டைத் தாண்டினதும் பத்தாயிரம் காலி" என்பார் சித்தப்பா. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டு பேரும் பார்க்காத இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. புதுசு வாங்குகிறவரைக் கவிழ்ப்பது கடன். பழசு வாங்குகிறவரைக் கவிழ்ப்பது பேப்பர். எஞ்சின் இந்த இரண்டுக்கும் அப்புறம்தான்.

ஒரு ரூபாய் வட்டி

நம் ஊரில் வட்டியை வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று யாரும் நினைப்பதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்றுதான் கணக்கு. ஒரு வட்டி நியாயம், இரண்டு வட்டி பரவாயில்லை, மூன்றைத் தாண்டினால் யோசனை, ஐந்து என்றால் கந்து. ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் கம்பெனி ஆளும் இந்த மொழியிலேயே பேசுவார்: "ஒரு ரூபா வட்டிதாண்ணா. வெளியில எங்க கிடைக்கும்?"

அந்த ஒரு ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஆன்ரோடு விலை ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 20,000. கடன் 80,000. மூன்று வருஷம், மாதம் ஒரு ரூபாய் வட்டி. மாத வட்டி 800 வீதம் 36 மாதத்துக்கு 28,800. அசலோடு சேர்த்து 1,08,800. இதை 36 ஆல் வகுத்தால் தவணை 3,022 ரூபாய். கணக்கில் ஒரு பைசா தப்பில்லை.

ஆனால் 36 மாதமும் 80,000 ரூபாய் உங்களிடம் இருந்ததா? முதல் மாதத்திலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். கடைசித் தவணை கட்டும்போது நிற்கிற அசல் மூவாயிரம்கூடத் தேறாது. வட்டி மட்டும் அன்றைக்கும் முழு 80,000 ரூபாய்க்கே போட்டிருக்கிறார்கள். இதைத்தான் ஃப்ளாட் வட்டி என்கிறார்கள். நிற்கிற அசலுக்கு மட்டும் வட்டி என்று திருப்பிப் போட்டால், அதே 3,022 ரூபாய்த் தவணைக்கு வட்டி ஏறக்குறைய ஒன்றே முக்கால் ரூபாய். வருஷத்துக்கு 21 சதவீதம். ஒரு ரூபாய் என்று உட்கார்ந்தவர், ஒன்றே முக்கால் என்று தெரியாமலேயே எழுந்து வருகிறார்.

நடுவில் கையில் கொஞ்சம் பணம் வந்து கடனை முடித்துவிடலாம் என்று போனால்தான் இது உறைக்கும். மேலே சொன்ன கடனில் ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டியிருந்தால், கட்டிய தொகை 36,000 ரூபாய்க்கு மேல். குறைந்திருக்கும் அசல் ஏறக்குறைய 21,000 மட்டும். மீதி அத்தனையும் வட்டி. பின்னால் வரும் வருஷங்களைவிட முதல் வருஷத்தில் வட்டி அதிகமாகவும் அசல் கொஞ்சமாகவும் கழிவதுதான் தவணைக் கடனின் போக்கு. இதில் முன்பணத்தை ஐயாயிரம், ஏழாயிரம் என்று குறைத்துக்கொண்டவர் பாடு இன்னும் மோசம். முதல் வருஷக் கடைசியில் வண்டியை விற்றாலும் கடன் அடையாத நிலைமை அங்கே சுலபமாக வரும்.

இதற்கு மேல் புராசஸிங் ஃபீஸ், டாகுமென்ட் சார்ஜ், கடன்காரருக்கு ஓர் இன்சூரன்ஸ் என்று சில உருப்படிகள் கடன் தொகையிலேயே ஏறிக்கொள்ளும். கடன் 80,000 என்பார்கள். தாளில் 84,000 இருக்கும். அந்த நாலாயிரத்துக்கும் சேர்த்து மூன்று வருஷம் வட்டி.

ரிசர்வ் வங்கி இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கியானாலும் ஃபைனான்ஸ் கம்பெனியானாலும், தனிநபருக்குக் கடன் தரும்போது முக்கிய விவரங்கள் அடங்கிய ஓர் அறிக்கையை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து வருஷ வட்டி எத்தனை சதவீதம் என்று அதில் ஒரே எண்ணாகப் போட்டிருக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி. ஷோரூமில் இதை யாரும் தாம்பாளத்தில் வைத்து நீட்ட மாட்டார்கள். செல்போனில் ஓ.டி.பி. கேட்பார்கள், சொல்லிவிட்டால் முடிந்தது. ஓ.டி.பி. சொல்வதற்கு முன்னால் அந்த எண்ணைக் கேளுங்கள். "ஒரு ரூபா வட்டி" என்றவர் அங்கே 20க்கு மேல் ஓர் எண்ணைக் காட்ட நேர்ந்தால், அதற்கப்புறம் பேச்சின் தொனியே மாறும்.

தவணை ஐந்தாம் தேதி. சம்பளம் என்றைக்கு? மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கேள்வி இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவருக்குச் சனிக்கிழமை சம்பளம். ஆர்டர் இல்லாத வாரம் சம்பளமும் இல்லை. வாரா வாரம் ஏறி இறங்குகிற வருமானத்தின் மேல் மாதா மாதம் அசையாத தவணையை வைக்கும்போது, வங்கிக் கணக்கில் அன்றைய தேதிக்குப் பணம் இல்லாமல் போவது சகஜம். திரும்பின தவணைக்கு ஃபைனான்ஸ் கம்பெனி ஓர் அபராதம் போடும், வங்கி ஓர் அபராதம் போடும். இரண்டு மாதம் விட்டால் போன் வரும். மூன்றாவது மாதம் ஆளே வருவார்.

வண்டியைத் தூக்குவது என்பது நம் ஊரில் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அடியாட்களை வைத்துப் பிடுங்குவது கூடாது, சட்டப்படியான வழியில்தான் வண்டியை மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007 இலேயே பிரகாஷ் கவுர் வழக்கில் கடுமையாகச் சொன்னது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் ஆட்கள் கூப்பிடக் கூடாது என்று 2022 இல் ரிசர்வ் வங்கியும் உத்தரவு போட்டது. சிக்னலில் நிற்கும்போது இரண்டு பேர் வந்து சாவியை உருவினால், இதையெல்லாம் எடுத்துச் சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? தூக்கின வண்டி யார்டுக்குப் போகும், ஏலத்துக்குப் போகும், அங்கிருந்து பழைய வண்டிக் கடைக்கு வரும். ஒருவர் கட்ட முடியாமல் விட்ட புதுசுதான் இன்னொருவர் தேடிப் போகிற பழசு.

பழசின் கணக்கு

பழைய வண்டி புதுசைவிட அதிக விலைக்குப் போன காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. லைசென்ஸ் ராஜ்யத்தில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். கைக்கு வந்த வண்டியை மறுநாளே லாபத்துக்கு விற்க முடிந்தது. இப்போது அந்தக் கௌரவம் யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற சில வண்டிகளுக்கு மட்டும். 1985 இல் வந்து 1996 இல் நின்றுபோன அந்த வண்டிக்கு இன்றைக்குக் கேட்கிற விலையைக் கேட்டால், புது வண்டியின் ஆன்ரோடு விலை மலிவாகத் தெரியும். அது ஆசையின் விலை. ஆபீசுக்குப் போய் வர வண்டி தேடுகிறவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை.

மற்ற வண்டிகளெல்லாம் வருஷத்துக்கு வருஷம் இறங்கும். எவ்வளவு என்பதற்கு இன்சூரன்ஸ்காரர்களின் அட்டவணை ஒரு நல்ல அளவுகோல். வண்டிக்கு ஒரு வயசு தாண்டினால் 20 சதவீதம் தேய்மானம், இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50. சந்தை இதைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ போகும். ஸ்ப்ளெண்டர் போல ஊரெல்லாம் ஓடுகிற வண்டி மெதுவாக இறங்கும், யாரும் சீண்டாத மாடல் மடமடவென்று இறங்கும். பாதித் தேய்மானம் முதல் நான்கைந்து வருஷத்திலேயே முடிந்துவிடுகிறது. அதை முதல் ஓனர் தாங்கிவிட்டார். இரண்டாவது ஆளாக வருகிறவருக்கு லாபம் அங்கேதான்.

உத்தேசமாக ஒரு கணக்கு. மேலே சொன்ன ஒரு லட்ச ரூபாய் வண்டியைத் தவணையில் எடுத்து மூன்று வருஷம் ஓட்டினால் கையை விட்டுப் போவது 1,28,800. சர்வீஸ், இன்சூரன்ஸ் புதுப்பிப்பு என்று 12,000 சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வருஷக் கடைசியில் 55,000 ரூபாய்க்கு விற்றால் நிகரச் செலவு ஏறக்குறைய 86,000. அதே ரகத்தில் ஐந்து வயசு வண்டியை 45,000 ரொக்கம் கொடுத்து வாங்கி, வாங்கின கையோடு டயர், செயின் செட், பேட்டரி என்று 8,000 போட்டு, பெயர் மாற்றத்துக்கும் இன்சூரன்சுக்கும் 3,000, மூன்று வருஷ ரிப்பேருக்கு 18,000 வைத்து, கடைசியில் 27,000 ரூபாய்க்குத் தள்ளினாலும் நிகரச் செலவு 47,000. வித்தியாசம் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல். நடுவில் எஞ்சினைப் பிரித்து போர் வேலை பார்க்க வேண்டி வந்தாலும் பழசு தோற்காது.

இரண்டு இடத்தில் அடி வாங்கும். ஒன்று, பழசையும் கடனில் வாங்கும்போது. பழைய வண்டிக்குக் கடன் கொடுப்பவர்கள் வட்டியைக் கூட்டித்தான் போடுவார்கள். 36,000 ரூபாயை இரண்டு வருஷத்துக்கு இரண்டு ரூபாய் ஃப்ளாட் வட்டியில் வாங்கினால் வட்டி மட்டும் 17,280. நிஜ வட்டி மூன்று ரூபாய் நாற்பது காசு. பழசின் லாபத்தில் பாதிக்குக் கிட்ட வட்டியில் விட்டுவிட்டுப் பழசின் தொல்லையை முழுசாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருவதற்குப் பெயர் சிக்கனமில்லை. இரண்டாவது இடம் பேப்பர். அதற்கு வருகிறேன்.

சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள்

பழைய வண்டி விற்கும் கடைக்கு நம் ஊர்ப் பெயர் 'ஆட்டோ கன்சல்டிங்'. கோயம்புத்தூரோ மதுரையோ திண்டிவனமோ, கடையின் அமைப்பு ஒன்றுதான். வாட்டர் வாஷ் அடித்து, டயருக்குக் கறுப்புப் பாலிஷ் பூசி, புது சீட் கவர் மாட்டி, ஹேண்டில்கள் ஒரே பக்கம் சாய்ந்தபடி வண்டிகள் நிற்கும். எல்லாமே 'சிங்கிள் ஓனர்', எல்லாமே 'டாக்டர் ஓட்டின வண்டி'. தமிழ்நாட்டு மருத்துவர்கள் இத்தனை மோட்டார் சைக்கிள் ஓட்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை.

பார்க்கப் போகும்போது தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கூலி முந்நூறோ ஐந்நூறோ, வேறு எந்த இன்சூரன்சும் அவ்வளவு மலிவு கிடையாது. வரப்போவதைக் காலையிலேயே சொல்லிவிடாதீர்கள். போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிப்போன எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும்: எத்தனை உதையில் கிளம்புகிறது, கிளம்பினதும் டப்பெட் சத்தமா செயின் சத்தமா, ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் நீலம் கலந்த வெள்ளைப் புகை வருகிறதா. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போய்விட்டது.

மீட்டரை நம்ப வேண்டாம். கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் ரப்பர், பிரேக் பெடல், கைப்பிடி இவற்றின் தேய்மானம் மீட்டரைவிட யோக்கியமானது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019 ஆம் வருஷத்தின் 23 ஆவது வாரம். 12,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிற வண்டியில் இரண்டு டயரும் புதுசாக மாற்றியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டாமா? மெயின் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்காவது கடித்து நின்றால் கோன் செட் போய்விட்டது. அதுகூடச் சின்ன வேலைதான். பின்னால் நின்று பார்க்கும்போது இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இல்லை என்றால் சேஸிஸ் அடி வாங்கியிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

சென்னை வண்டியென்றால் இன்னொரு சோதனை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்த வண்டிகள் ஏராளம். அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியும் மூழ்கின. சீட்டைக் கழற்றி அடியில் வண்டல் படிந்திருக்கிறதா, ஒயரிங் கப்ளர்களில் பச்சை பூத்திருக்கிறதா, பெட்ரோல் டேங்குக்குள் டார்ச் அடித்தால் துரு தெரிகிறதா என்று பாருங்கள். வெளியே அடித்த பெயின்ட் அங்கெல்லாம் எட்டியிருக்காது.

2020 ஏப்ரல் 1 ஒரு எல்லைக் கோடு. அன்றிலிருந்து விற்ற வண்டிகள் எல்லாம் பிஎஸ்-6. நாம் அன்றாடம் ஓட்டுகிற ரகங்களில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. கார்புரேட்டர் வண்டியை மரத்தடி மெக்கானிக் கழற்றி ஊதி மாட்டிவிடுவார். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஸ்கேனர் வேண்டும், சென்சார் போனால் ஆயிரங்களில் பேச வேண்டும். அதே சமயம் அவை காலையில் முரண்டு பிடிக்காது. சாவியைத் திருப்பினதும் மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். கோளாறு தெரியக் கூடாது என்று விளக்கையே பிடுங்கியிருக்கலாம். 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டியென்றால் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம் என்பதும் நினைவிருக்கட்டும். மழை நாளில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அது ஐந்தாயிரம் ரூபாய் கூடக் கொடுக்கத் தகுந்த காரணம்.

பெயர் மாறாத வண்டி

ஒருவர் 2007 இல் தன் காரை விற்றார். ஆர்சி புத்தகத்தில் பெயர் மாறவில்லை. கார் கைமாறிக் கைமாறிப் போனது. 2009 இல் விபத்து, இன்சூரன்ஸ் இல்லை. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? ஓட்டினவரா, கடைசியாக வாங்கினவரா? 2018 பிப்ரவரியில் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், அவரே கொடுக்க வேண்டும். பத்து வருஷத்துக்கும் முன்னால் விற்ற காருக்கு.

இது விற்கிறவருக்கான பாடம் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார். அவருக்கும் இதில் பங்குண்டு. வண்டி ஓட்டுகிற ஓனர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் தருகிற தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. ஆர்சியும் பாலிசியும் பழைய ஓனர் பெயரிலேயே இருந்தால், 'ஓனர்' நீங்கள் இல்லை. உங்கள் குடும்பம் நியாயம் கேட்டு அலைய வேண்டியதுதான். வண்டி திருடு போனாலும் இதே கதை. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனசும் உங்களுக்கு வராது; அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை.

சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கினவர் 30 நாளில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30. செலவு சில நூறு ரூபாய். ஆனாலும் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை வாங்கி டேங்க் கவரில் செருகிக்கொண்டு வருஷக் கணக்கில் ஓட்டுகிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. "அப்புறம் விக்கும்போது நேரா அவர் பேருக்கே மாத்திக்கலாம்" என்பது கன்சல்டிங் கடைகளின் பிரியமான ஆலோசனை. இதை ஒழிக்கத்தான் 2023 ஏப்ரல் முதல் புது விதி வந்தது: பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததை முறைப்படி தெரிவித்துவிட்டால், விற்கும் வரை அவரே ஓனராகக் கருதப்படுவார். உங்கள் ஊர்க் கடைக்காரரிடம் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் பாதி விடை கிடைத்துவிடும்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவு எந்த ஊர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பதிவு உண்டா என்றெல்லாம் வந்துவிடும். பழைய அபராதங்களை இ-சலான் பக்கத்தில் பார்க்கலாம். ஹெல்மெட் போடாத பழைய ஓனரின் பாவம் உங்கள் தலையில் விடியக் கூடாது. சேஸிஸ் நம்பரை வண்டியிலேயே பார்த்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது சாவியைக் கேளுங்கள். இல்லை என்றால் தொலைந்திருக்கலாம், அல்லது வண்டி முறையான கையிலிருந்து வராமலும் இருக்கலாம். 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்ற வண்டிகளுக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு முதலிலேயே எடுத்தாக வேண்டும். எனவே மூன்று வயசு வண்டியில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருக்கும். ஆறு வயசு வண்டியில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. பாண்டிச்சேரி, கர்நாடகப் பதிவென்றால் அங்கிருந்து என்ஓசி வாங்கி, இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். மலிவாகத் தெரிந்த பிஒய் வண்டி அந்த வரியோடு மலிவாக இருக்காது. பதினைந்து வயசை நெருங்கும் வண்டியென்றால் எஃப்.சி., பசுமை வரி, புதுப்பிப்புக் கட்டணம். இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆக ஏறியது.

எல்லாவற்றையும்விட ஒதுங்க வேண்டியது 'டியூ வண்டி'யை. "பதினஞ்சாயிரம் கைல குடுங்க, மீதி டியூவ நீங்க கட்டிக்கோங்க" என்று வருவார்கள். ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதமில்லாமல் ஆர்சியில் பெயர் மாறாது. மீதித் தவணையெல்லாம் நீங்கள் கட்டினாலும் கடைசியில் என்ஓசி வருவது அவர் பெயருக்கு. நடுவில் அவர் கட்டாமல் விட்ட வேறு பாக்கிக்காகத் தகராறு வந்தாலும், அவர் ஊரை விட்டே போனாலும், வண்டியும் உங்களுடையதில்லை, கட்டின பணமும் உங்களுடையதில்லை. இந்த ஒன்றில் மட்டும் நெளிவு சுளிவே வேண்டாம் என்பேன்.

யாருக்குப் புதுசு

அப்படியானால் எல்லோரும் பழசே வாங்க வேண்டுமா? இல்லை. தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர், டெலிவரி வேலையில் இருப்பவர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி போன்றவர்களுக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றது. அவர்களுக்கு வாரண்டியோடு வரும் புதுசு நியாயமான செலவு. ஆனால் மூன்றில் ஒரு பங்கு விலையையாவது முன்பணமாகக் கட்டட்டும், தவணைக் காலத்தை இரண்டு வருஷத்தோடு நிறுத்தட்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாகத் திரும்பும் பெண்ணுக்கும் இதையே சொல்வேன். நடுவழியில் நிற்காத வண்டிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அதிகமில்லை. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் தெரியாதவர், பேப்பர் வேலைக்கு ஒரு நாள் லீவு போட மாட்டேன் என்கிறவர், இவர்களும் புதுசுக்கே போகலாம். பழைய மின்சார ஸ்கூட்டரைப் பற்றி ஒரே வரி: பாதி விலை பேட்டரியில் இருக்கிறது, அதன் உடம்பு வெளியே தெரியாது, கம்பெனி வாரண்டி பாக்கி இருந்து அது உங்கள் பெயருக்கு மாறும் என்றால் மட்டும் யோசியுங்கள்.

மற்றபடி முதல் வண்டி வாங்குகிறவர், ஓட்டிப் பழகி நாலு தடவை கீழே போடப் போகிறவர், வேலை நிரந்தரமாகாதவர், தினமும் இருபது கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர்: மூன்றிலிருந்து ஐந்து வயசு வண்டி, ரொக்கம், உடனே பெயர் மாற்றம். இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

ரொக்கத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. ஒரு ரூபாய்க்கும் கீழே வட்டி கிடைக்கிற ஓர் இடம் பெரும்பாலான வீடுகளில் பீரோவுக்குள் இருக்கிறது. வங்கி நகைக் கடன் ஃபைனான்ஸ் கம்பெனியின் ஒன்றே முக்காலில் ஏறக்குறைய பாதியில் நிற்கும். வட்டியும் நிற்கிற அசலுக்குத்தான். இரண்டு பவுனில் ஒரு நல்ல பழைய வண்டி தாராளமாக வந்துவிடும். நகை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவன் மகன், அடகுக்குப் போவது அம்மாவின் வளையல் என்றால், திருப்பித் தருவது மகனின் பொறுப்பு என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். பதிவு பெற்ற சீட்டு, கம்பெனியின் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கக் கடன் இரண்டும் அடுத்தபடி. எதுவும் இல்லையா? 3,022 ரூபாய் தவணையை ஷோரூமுக்குக் கட்டாமல் வங்கி ஆர்.டி.யில் போட்டால் பதினைந்தே மாதத்தில் 45,000 சேர்ந்துவிடும். அதுவரை பஸ்.

புதுசோ பழசோ, கடனில் வாங்கியவர்கள் கோட்டை விடும் ஒரு வேலை கடைசியில் இருக்கிறது. தவணை முடிந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டு ஃபைனான்ஸ் கம்பெனியை மறந்துவிடுகிறார்கள். ஆர்சியில் மட்டும் அதன் பெயர் அப்படியே இருக்கும். ஐந்தாறு வருஷம் கழித்து விற்கப் போகும்போது அந்தக் கிளையை மூடியிருப்பார்கள், அல்லது கம்பெனியே வேறொன்றோடு இணைந்து பெயர் மாறியிருக்கும். என்ஓசிக்காக அலைந்து, அவசரத்துக்கு விலையில் மூவாயிரம் விட்டுக்கொடுப்பார்கள். கடைசித் தவணை போன மாதமே என்ஓசியையும் கம்பெனி கையெழுத்துப் போட்ட படிவம் 35 ஐயும் கேட்டு வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் எச்.பி. என்கிற கடன் பதிவைக் கேன்சல் செய்துவிடுங்கள். புது ஆர்சி கைக்கு வந்ததும் செயலியில் ஒருமுறை நம்பரைப் போட்டு, கம்பெனி பெயர் போய்விட்டதா என்று பாருங்கள்.